மலைக்குப் போகாத சாமி

சபரிமலைக்குப் போக வேண்டும் என்று மாலை போடுகிறவர்கள் புதுச்சேரியில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். போய்விடக் கூடாது என்பதற்காகவே மாலையோடு திரிந்தவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார். நெல்லித்தோப்பில் அவருக்குப் பெயர் ‘போகாத சாமி’. நிஜப் பெயர் ஒன்று உண்டு. அதை எழுதினால் அவர் தெருக்காரர்களுக்கே ஆளை அடையாளம் தெரியாது, ஆகையால் விட்டுவிடுகிறேன்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சொன்னால் சிரிக்கிறார்கள். ஊரில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் புகை நிறுத்த ஆலோசகன். பல வருடம் சிகரெட் குடித்து ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, நுரையீரலில் புற்றுநோய் ஏதும் தலைகாட்டுகிறதா என்று முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படி வருகிறவர்களை மடக்கிப் பிடித்து சிகரெட்டை விடவைப்பது என் வேலை.

வேலைக்கு ஏற்ற வசதியும் செய்து கொடுத்திருந்தார்கள். ஸ்கேன் புதுக் கட்டிடத்தில். என் அறை பழைய கட்டிடத்தில். நடுவில் கேட்டைத் தாண்டி ஒரு டீக்கடை. ஸ்கேன் முடித்த கையோடு என்னிடம் வருகிறவர், வழியில் ஒரு டீயும் ஒரு சிகரெட்டும் முடித்துவிட்டு, அந்த வாசனையோடு என் எதிரில் உட்கார்ந்து, “எப்பிடி சார் விடுறது?” என்று கேட்பார்.

என் மேஜைமேல் பிளாஸ்டிக்கில் இரண்டு நுரையீரல் இருந்தன. ஒன்று ரோஸ், ஒன்று கறுப்பு. கறுப்பைப் பார்த்தால் பயந்து விட்டுவிடுவார்கள் என்பது ஏற்பாடு. நம் ஆட்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “யாரோடது சார் இது, பாவம்” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பெரிய டாக்டர் ஒரு மொபைல் ஆப் வேறு கொண்டுவந்தார். அது ஒரு மணிக்கு ஒருதரம் ‘புகைக்கத் தோன்றுகிறதா?’ என்று கேட்கும். “மறந்தே போயிருந்தேன் சார், உங்க போன்தான் ஞாபகப்படுத்துது” என்று ஒருவர் நன்றியோடு சொன்னார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி, ஒன்றுமில்லை என்று வரும் ஸ்கேன் ரிப்போர்ட். இத்தனை வருடம் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால், இனிமேல் குடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. நம் சாமி முதல் வருடம் வந்தபோது அவருக்கு அப்படித்தான் வந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. தட்டாஞ்சாவடியில் சொந்தமாக ஒரு லேத்துப் பட்டறை வைத்திருந்தார். ஸ்கேன் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பட்டறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, ஆயுத பூஜைக்கு சந்தனம், குங்குமம், மாலை, சீரியல் லைட்டு எல்லாம் வைத்துவிட்டார். வேலை கொடுக்க வந்த ஒருவர் மாலையைப் பார்த்துவிட்டுத் துக்கமாகக் குரலை இறக்கிக் கேட்டிருக்கிறார்.

“யாரு அண்ணே இது?”

“நான்தான். உள்பக்கம்” என்றிருக்கிறார் இவர், வாயில் சிகரெட்டோடு.

மறு வருடம் ஐப்பசியில் எடுத்த ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு புள்ளி இருந்தது. மிளகு அளவு. பழைய சளித் தழும்பாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், வைகாசியில் திரும்ப எடுத்துப் பார்ப்போம், வளர்ந்திருந்தால் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், அதுவரை சிகரெட்டைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் டீக்கடையில் நிற்காமல் நேராக என் அறைக்கு வந்தார். வெகுநேரம் கறுப்பு நுரையீரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், கார்த்திகையில மாலை போட்டா நான் தொடமாட்டேன். வருஷா வருஷம் அப்பிடித்தான். மலைக்குப் போய்ட்டு வந்து மாலைய கழட்டுன அன்னிக்கி, விட்டதுக்கெல்லாம் சேத்து வச்சி ஊதிடுவேன்.”

“மாலை இருக்கும்போது எப்படி முடியுது?”

“சாமி கழுத்துல இருக்காரு இல்ல?”

“கழட்டுனா?”

“அவரு ஊட்டுக்குப் போய்டுறாரு சார். நான் தனியாதான இருக்கேன்.”

எனக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்த வாக்கியம் ஒன்று உண்டு. யாருக்கு எது கைகொடுக்கிறதோ அதையே நீட்டிக்கச் சொல்ல வேண்டும். நானும் குரலைக் கனிவாக வைத்துக்கொண்டு, “உங்களுக்கு எது உதவுதோ அதையே இன்னும் கொஞ்ச காலம் நீட்டிக்கப் பாருங்க” என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து கைகூப்பிவிட்டுப் போனார். சொன்னதைச் செய்கிற நோயாளி ஒருவர் எனக்கு வாய்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டார். மார்கழிக் கடைசியில் தெருமுனையில் வேன் வந்து நின்றது. சாமிகள் எல்லாரும் இருமுடியோடு ஏறிவிட்டார்கள். இவரை மட்டும் காணவில்லை. அவர்களை மலைக்கு அழைத்துப் போகிற குருசாமி ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ஆள் வராமல் வண்டி எடுப்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். பட்டறைக்கே தேடிப் போனார். நம் சாமி கறுப்பு வேட்டியோடு லேத்தில் ஒரு ஷாஃப்ட்டை மாட்டிக் கடைந்துகொண்டிருந்தார்.

“சாமி, வண்டி நிக்குது, வாங்க.”

“அவசர வேல சாமி. பார்ட்டி உக்காந்துக்குனு இருக்குறாரு. நீங்க போங்க. நடைதான் மாசாமாசம் தொறக்குறாங்களே, தையில வர்றேன்.”

தையில் உடம்பு சரியில்லை. மாசியில் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. பங்குனியில் காரணம் சொல்லவே இல்லை, பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார். இத்தனை மாதமும் சிகரெட் மட்டும் இல்லை.

சீசனில் மாலை போட்டவரை ஊரே கும்பிடும். சீசன் போன பிறகு கறுப்பு வேட்டியில் ஒருவர் வந்தால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். இவர் தாடி வேறு நெஞ்சைத் தொட்டுவிட்டது. லேத்து சுற்றும்போது தாடி சிக்கினால் ஆளையே கடைந்துவிடும் என்பதால் அதை மூன்று ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி பனியனுக்குள் செருகிக்கொள்வார். செருப்புப் போடக் கூடாது. தரையெல்லாம் இரும்புச் சுருள். அதற்குள் அவர் நடப்பதைப் பார்த்தால் தீமிதி மாதிரி இருக்கும். கெட்ட வார்த்தை பேசக் கூடாது. கெட்ட வார்த்தை இல்லாமல் பட்டறை நடத்துவது எண்ணெய் இல்லாமல் லேத்து ஓட்டுவதைவிடக் கஷ்டம். காலில் இரும்பு விழுந்தால் “சாமியே சரணம் ஐயப்பா” என்பார். அவர் சொல்கிற தொனியில் அதைக் கேட்டால் பக்கத்துப் பட்டறைப் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் நிலைமைதான் பரிதாபம். அவருடைய முதல்தர வாடிக்கையாளர் அல்லவா? ஒவ்வொரு மாதமும் பக்தி முற்றிப்போய், “சாமி, எப்ப சாமி மலைக்கு?” என்று உருக்கமாகக் கேட்பார். அந்தத் தெருவில் இவர் மலைக்குப் போக வேண்டும் என்று அவரைப்போல மனமுருகி வேண்டிக்கொண்டவர் யாரும் இல்லை.

அவரைவிட உருகிப்போனவர் ஒருவர் உண்டு. சாமியின் மனைவி அஞ்சலை. வீட்டில் ஒருவர் மாலை போட்டிருந்தால் அந்த வீட்டில் மீன் நுழையாது. அந்தம்மாவுக்கு மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன்காரிகள் எல்லாரும் அவருக்குத் தோழிகள். போதாததற்கு, மாலை போட்ட புருஷனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். திட்டினாலும் மரியாதை குறையக் கூடாது. “சோறு ஆறிப்போவுது, வந்து கொட்டிக்குங்க சாமி”, “எத்தினி தடவ சொல்றது, செவிடா சாமி” என்று அந்த வீட்டிலிருந்து காலையும் மாலையும் பக்திமயமாகச் சத்தம் கேட்கும்.

பங்குனியில் ஒரு நாள் அஞ்சலையம்மா நேராக என் அறைக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“ஏன் சார், நீங்கதான நீட்டிக்கச் சொன்னீங்களாம்?”

“நான் பொதுவாத்தான் சொன்னேம்மா.”

“பொதுவா சொன்னீங்களா? எங்க ஊட்டுல வந்து பொதுவா ஒரு வேள சாப்ட்டுப் பாருங்க. புடலங்கா, பூசணிக்கா, புடலங்கா. அந்த ஆளு ஒரு பாயில, நான் ஒரு பாயில. நானு மீன் வாசன புடிக்கறதுக்கு மார்க்கெட்டுல போயி சும்மா நின்னுட்டு வர்றேன் சார்.”

“சிகரெட் குடிக்கிறாராம்மா?”

“இல்ல சார். அத மட்டும் சொல்ல முடியாது. தொடல” என்றார். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு, “அந்தப் புள்ளி போயிடுமா சார்?” என்று கேட்டார். வைகாசியில் பார்த்தால்தான் தெரியும் என்றேன். புடலங்காயை மேற்கொண்டு குறை சொல்லாமல் போய்விட்டார்.

இதற்குள் போகாத சாமியின் புகழ் என் சனிக்கிழமைக் கூட்டத்தில் பரவிவிட்டது. சிகரெட்டை விட முயல்கிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம் அது. நான் பேசினால் கொட்டாவி விடுகிறவர்கள், சாமி பேசினால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். இரண்டு பேர் மாசி மாதத்தில் மாலை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு கிறிஸ்தவப் பெரியவரும் அந்த வட்டத்தில் இருந்தார். அவரை எல்லாரும் சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள், பட்டாளத்துக்காரர்களுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். அவரும் தவக்காலத்துக்காக சிகரெட்டை நிறுத்தியிருந்தார்.

“மொசியே, உங்களுது எப்ப முடியுது?” என்று சாமி அவரைக் கேட்டார்.

“ஈஸ்டரோட முடியுது.”

“அதான் தப்பு. ஈஸ்டர் கொண்டாடாதீங்க.”

சொல்தா நிஜமாகவே ஈஸ்டர் கொண்டாடவில்லை. கேக் வெட்டவில்லை, புதுத்துணி போடவில்லை, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு கோயிலின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பங்குச் சாமியார் கூப்பிட்டு, “ஆண்டவரே உயிர்த்தெழுந்துட்டாரு, உமக்கு மட்டும் என்னய்யா இன்னும்?” என்று கேட்டிருக்கிறார். “எனக்கு வைகாசி வரிக்கும் டைம் குடுங்க பாதர்” என்றாராம் சொல்தா.

என் வட்டத்தில் பாதிப் பேர் சிகரெட்டை விட்டுவிட்டார்கள் என்ற செய்தி பெரிய டாக்டருக்குப் போயிற்று. அவர் உடனே சென்னையில் ஒரு டாக்டர்கள் கூட்டத்தில், இதெல்லாம் மொபைல் ஆப்பின் மகிமை என்று படம் போட்டுக் காட்டிவிட்டு வந்தார். கையோடு ஒரு வீடியோவும் எடுக்கத் தீர்மானமாயிற்று. கறுப்பு வேட்டியும் தாடியும் ஆஸ்பத்திரி விளம்பரத்துக்குச் சரிப்படாது என்று, சாமிக்குமேல் பச்சை ஆபரேஷன் அங்கியை மாட்டி, தாடியை உள்ளே தள்ளி, தலைக்குத் தொப்பி போட்டு உட்காரவைத்தார்கள்.

“சிகரெட்டை எப்படி விட்டீங்க, சொல்லுங்க” என்று கேமராக்காரர் கேட்டார்.

“நான் எங்க சாமி விட்டேன்? புடிச்சிக்கினுதான் இருக்கேன்” என்று மாலையை அங்கிக்கு வெளியே எடுத்துக் காட்டினார்.

ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். “அது அடிக்கடி கூப்புடுது, பேசத்தான் மாட்டேங்குது” என்றார். வீடியோவைப் பார்த்தவர்கள், சிகரெட்டை விட்டால் உடனே ஆபரேஷன் செய்வார்கள்போல என்று பயந்துபோனதாகக் கேள்வி. அதை யாரும் அதற்கப்புறம் போட்டுக் காட்டவில்லை.

வைகாசி வந்தது. கத்திரி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி வந்து சேர்ந்தார். அஞ்சலையம்மாவும் வந்திருந்தார். அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை. உள்ளே மேஜையில் படுத்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. மார்பு ஸ்கேனுக்கு மார்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. மாலையில் செம்புக் கம்பி, நடுவில் ஐயப்பன் டாலர்.

“மாலைய கழட்டுங்க” என்றார் ஸ்கேன் எடுக்கிற பெண்.

“கழட்டுனா ஊதிடுவேன் சாமி.”

“ரெண்டு நிமிஷந்தாங்க. ஸ்கேன் ரூமுல எப்பிடி ஊதுவீங்க?”

“வெளிய டீக்கடை இருக்குது சாமி.”

அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தால், இரண்டு கையாலும் மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார் மனிதர். வேடிக்கையாக இல்லை. ஆறு மாதமாக அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு கயிறு. அதை அறுக்கச் சொல்கிறோம். கழுத்திலிருந்து தலைக்கு ஏற்றி நெற்றியில் சுற்றிக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றியது. அப்படி ஏற்றினால் கழற்றினதாக ஆகுமா ஆகாதா என்று அவருக்குச் சந்தேகம். குருசாமிக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார்.

“ஒடம்ப விட்டு எறங்கலன்னா கழட்டுனது ஆவாது. தலையில வச்சிக்கலாம். ஆனா ஒண்ணு. ஆனி மாசம் நடை தொறக்கறப்போ வண்டியில ஏறணும். ஏறுவியா, மாட்டியா? இப்பியே சொல்லு.”

மேஜையில் படுத்தபடி, தலையில் மாலையோடு, “ஏறுறேன் குருசாமி” என்றார் சாமி.

புள்ளி வளரவில்லை. அப்படியேதான் இருந்தது. பயப்பட ஒன்றும் இல்லை, வருடத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டால் போதும், சிகரெட் மட்டும் திரும்ப வந்துவிடக் கூடாது என்றார் டாக்டர். அஞ்சலையம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். சாமி மட்டும் முகம் செத்துப்போய் நின்றார். என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“சாமி, எனக்கு மலைக்குப் போறதுக்குப் பயமில்ல. திரும்பி வர்றதுக்குத்தான் பயமா இருக்குது.”

நான் நிகோடின் சூயிங்கம் கொடுத்தேன். ஆசை வந்தால் தண்ணீர் குடியுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், அஞ்சு நிமிஷம் தள்ளிப் போடுங்கள் என்று பாடம் முழுவதும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “மாலை கழட்டுறப்போ நீங்க அங்க இருங்க சாமி” என்றார். வருகிறேன் என்றேன்.

ஆனியில் போய்விட்டு வந்தார். விடிந்ததும் நெல்லித்தோப்பு வீட்டில் கற்பூரம் கொளுத்தி, குருசாமி தம் கையால் மாலையைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார். தாடியை வழித்துவிட்டு, பழைய வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு சாமி வெளியே வந்தபோது, யாரோ ஊருக்குப் புதியவர் மாதிரி இருந்தார். அஞ்சலையம்மா விடியற்காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய் ஒரு முழு வஞ்சிரம் வாங்கி, மாலை கழற்றும்வரை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பக்கத்து வீட்டு ஃபிரிஜ்ஜில் வைத்திருந்தார். “கொழம்பு தனியா, வறுவல் தனியா” என்று எனக்கும் சேர்த்து அறிவித்தார்.

தெருமுனையில், கூடப்போய் வந்து மாலை கழற்றிவிட்ட சாமிகள் இரண்டு பேர் பெட்டிக்கடையில் பற்றவைத்துக்கொண்டு நின்றார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தது. நம் ஆளின் வலது கை மெல்ல எழுந்து சட்டையின் இடது பாக்கெட்டுக்குப் போயிற்று. பாக்கெட் காலிதான். கைக்கு அது தெரியவில்லை. உள்ளே துழாவியது, வெளியே வந்தது, திரும்பப் போயிற்று. அவர் என்னைப் பார்த்தார். தண்ணீர் குடியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அஞ்சலையம்மா அந்தக் கையைப் பார்த்தார். பெட்டிக்கடையைப் பார்த்தார். உள்ளே போய்த் தாம்பாளத்திலிருந்த மாலையை எடுத்துக்கொண்டு வந்து குருசாமி முன்னால் நின்றார்.

“எனக்குப் போட்டு வுடுங்க.”

“என்னாம்மா இது? சீசன் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“சீசன்லாம் இந்த ஊட்டுல எப்பவோ போயிடுச்சி. எனக்கு அம்பது தாண்டியாச்சி, மலைக்கே போலாம். குளிச்சிட்டுத்தான் நிக்கிறேன். போடுங்க.”

“மீன் வாங்கி வச்சிருக்கியேம்மா.”

“அத சாரு ஊட்டுக்குக் குடுத்துடலாம்” என்றார் அஞ்சலையம்மா. சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. வஞ்சிரம் விலை அப்படி.

குருசாமி மாலையைப் போட்டுவிட்டார். மாலை போட்டவர் இருக்கிற வீட்டில் புகை கூடாது. நம் ஆள் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். முப்பது வருடமாக மனைவியை ‘ஏய்’ என்று மட்டுமே கூப்பிட்டவர். மாலை போட்ட பெண்ணை மாளிகைப்புறம் என்றுதான் கூப்பிட வேண்டும். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார்.

“மாளிகப்புறம்” என்றார், “காப்பித்தண்ணி நான் வைக்கட்டுமா?”

“வைங்க. சக்கரைய அள்ளிக் கொட்டாதீங்க” என்றார் அந்தம்மா.

அந்த வஞ்சிரத்தை நான்தான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். நல்ல மீன். எனக்கு இறங்கவில்லை.

அவர் இன்றைக்கு வரைக்கும் சிகரெட்டைத் தொடவில்லை. அந்தம்மா இன்றைக்கு வரைக்கும் மாலையைக் கழற்றவில்லை. வருடா வருடம் ஸ்கேனுக்கு இரண்டு பேரும் வருகிறார்கள். அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார், அந்தம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாலையின் மணியை உருட்டிக்கொண்டிருப்பார். ஸ்கேன் அறை வாசலில் உட்கார்வது என் வேலையில் சேராது. அவர் உள்ளே இருக்கும் நாளில் மட்டும், நான் என் அறையைப் பூட்டிவிட்டு வந்து அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.